பொந்துக்குள் இருந்த காடு

தேன்பாறைக் காட்டில் இரண்டு இருவாச்சிப் பறவைகள் வாழ்ந்தன. ஆண் பறவையின் பெயர் நெடுமூக்கன். அவன் மனைவி பொன்னலகி; அவன் கூப்பிடுவது பொன்னி என்று. இரண்டு பேரும் சேர்ந்து பறந்தால் அந்தச் சிறகோசைக்கு மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கும்.

இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. தை பிறந்ததும் பெண் பறவை உயரமான மரத்தின் பொந்துக்குள் புகுந்துகொள்ளும். வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரே ஒரு கீறல்தான் திறந்திருக்கும். உள்ளே அதன் பழைய சிறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்க வேண்டும். முட்டை பொரிந்து குஞ்சும் வளர வேண்டும். அதுவரை ஆண் பறவை கொண்டுவந்து ஊட்டுவதுதான் சாப்பாடு.

"இங்க பாருங்க! ஆனி மாசப் பெருமழைக்கு முன்னால குஞ்சு பறந்தாகணும். இல்லேன்னா பொந்துல தண்ணி இறங்கிடும்!" என்றாள் பொன்னலகி, கடைசி மண் உருண்டையைப் பூசிக்கொண்டே.

"நான் எதுக்கு இருக்கேன்? கவலையை விடு!" என்றான் நெடுமூக்கன்.

சும்மா சொல்லக் கூடாது, முதலில் நன்றாகத்தான் உழைத்தான். காலையில் ஓணான், வெயிலேற வெட்டுக்கிளி, மாலையில் நாலு விதப் பழம் என்று நாலு திசையும் பறந்தான். மாசியில் குஞ்சும் பொரிந்தது. அதே வாரம் பொந்துக்கு எதிரே நின்ற இச்சிமரம் பழுத்துக் குலுங்கியது. அந்த மரத்தின் கிளையில் வாலைத் தொங்கவிட்டபடி வந்து உட்கார்ந்தான் செவலை என்ற மலையணில்.

"அண்ணே! கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு யாராவது நெய்க்கு அலைவாங்களா? எதிர்லயே இத்தனை பழம் இருக்கே!"

"பொன்னி பலதும் கேப்பாளேப்பா!"

"உள்ள இருக்கறவங்களுக்கு வெளியில என்ன பழுத்திருக்குன்னு தெரியவா போகுது? வயிறு நிறைஞ்சா சரிதானே அண்ணே!"

செவலைக்கு நெடுமூக்கன் மேல் ஒன்றும் பாசம் பொங்கவில்லை. வடக்குச் சரிவில் காட்டு ஜாதிக்காய் வெடிக்கும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் இருவாச்சி வராமல் இருந்தால் மரம் முழுக்கத் தனக்கே என்பது அவன் கணக்கு.

நெடுமூக்கனுக்கும் சிறகு வலித்தது. ஆகவே அந்த யோசனை அவனுக்கு உடனே பிடித்துப்போயிற்று. மறுநாளிலிருந்து காலையில் இச்சிப்பழம், மதியம் இச்சிப்பழம், இருட்டும் முன்னே மறுபடி இச்சிப்பழம்.

"ஏங்க, இன்னிக்கும் இதேவா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"ஏன், இனிக்கலையா?"

"இனிக்குது. இச்சிப்பழத்தை யார் குறை சொன்னா? ஆனா பழகப் பழகப் பாலும் புளிக்கும்பாங்க. ஒரு வண்டு, ஒரு நத்தை, வேற ஒரு கொட்டை, ஒண்ணும் கிடைக்கலையா?"

"எங்கடி கிடைக்குது? காடே காஞ்சு கிடக்கு!" என்றான் அவன், கண்ணைச் சிமிட்டாமல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். இவன் முழுக் காட்டையே மறைத்தான்!

பொன்னலகி நம்பினாள். "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க! இந்தப் பழமாவது கிடைக்குதே!" என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள். அதைக் கேட்டு அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் எதிர்மரம் பக்கத்திலேயே இருந்ததால் அந்த உறுத்தல் நீடிக்கவில்லை.

பங்குனி போயிற்று. சித்திரையில் ஒருநாள் விடியற்காலை இடி இடித்து முதல் கோடைமழை கொட்டியது. மழை நின்று வெயில் அடித்ததும் வழக்கம்போல் இச்சிப்பழத்தோடு வந்தான் நெடுமூக்கன். அப்போது கீறல் வழியே வெயில் உள்ளே விழுந்தது. அவன் எட்டிப் பார்த்தான்.

குஞ்சின் வயிறு உப்பியிருந்தது. ஆனால் உடம்பில் ஓர் இறகுகூட இல்லை! எழுந்து நிற்கப் பார்த்துத் தொப்பென்று விழுந்தது. பொன்னலகியின் சிறகும் மொட்டையாகவே இருந்தது. பெருமழைக்கு இன்னும் நாற்பது நாள்தான் இருந்தது.

பொன்னலகியோ சந்தோஷமாகப் பேசினாள். "அப்பாடா, மழை வந்துடுச்சு! இனிமே பஞ்சமில்லைங்க. ஓடைக்கரையில கோணல் வேங்கைமரம் நிக்குதே, அதுக்கடியில உள்ள புத்துல இந்த வெயிலுக்கு ஈசல் கிளம்பும். பழம் தேடற பச்சைக் குக்குறுவான் ரெண்டு நாளா வடக்குப் பக்கமே கூவிட்டு இருக்கு, அங்க ஜாதிக்காய் வெடிச்சிருக்கணும். பாறையிடுக்குச் சருகெல்லாம் நனைஞ்சிருக்கும், நத்தை ஊரும். விடியக்காத்துல நாவல் வாசமும் வந்துச்சு. போய்ப் பாருங்களேன்!"

"உள்ள இருட்டுல கிடக்கற உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று திகைத்தான் நெடுமூக்கன்.

"வருஷம் பூரா சுத்திச் சுத்தித் தின்ன உடம்புங்க இது! எந்த மாசம் எது கிடைக்கும்னு அதுக்கு மறக்குமா?"

நெடுமூக்கன் பறந்தான். கோணல் வேங்கையின் அடியில் புற்று வாய் திறந்து, ஆயிரம் ஆயிரம் ஈசல்கள் வெயிலில் பொன்னாக மேலே எழுந்துகொண்டிருந்தன. பாறையிடுக்கில் நத்தைகள் ஊர்ந்தன. நாவல் மரம் நேற்று வரை பச்சையாக இருந்ததா, இல்லை அவன்தான் பார்க்கவில்லையா? இன்று அதில் பழம் கறுத்துத் தொங்கியது. அதுவரை பார்த்ததில் அவள் சொன்ன ஒன்றுகூடத் தப்பவில்லை! பிரமிப்பில் அவன் சிறகு தானாக நின்றுபோய், ஒரு கிளையில் உட்கார்ந்துவிட்டான். ஊரெல்லாம் பறந்த அவனுக்குத் தெரிந்தது ஒரே மரம். பொந்துக்குள் அடைந்து கிடந்தவளிடம் காடு முழுதும் இருந்தது!

வடக்குச் சரிவில் ஜாதிக்காய்கள் சிவப்பாக வெடித்து நின்றன. நடுக்கிளையில் செவலை மல்லாந்து கிடந்தான். வெடித்த நாளிலிருந்து அதையே தின்று அவன் வயிறும் பானையாகியிருந்தது.

"அண்ணே, நல்லவேளை வந்தீங்க! இந்த மரத்தை நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு அடுத்த கிளைக்குத் தாவவே முடியல!"

"எனக்குச் சொன்ன புத்திய நீயும் கேட்டுட்டியா?" என்று சிரித்துவிட்டு, நெடுமூக்கன் அலகு நிறையக் கொத்திக்கொண்டு திரும்பினான்.

திரும்பியதும் முதலில் உண்மையைச் சொன்னான். "காடு காயல, பொன்னி. நான்தான் போகல."

உள்ளிருந்து கீறல் வழியே அலகு நீண்டது. "கொண்டாங்க. திட்டறதுக்கு நாள் கிடக்கு. புள்ளைக்கு இறகு முளைக்கத்தான் நாள் இல்ல!"

அன்றிலிருந்து அவன் காடெல்லாம் சுற்றினான். இச்சிப்பழமும் கொடுத்தான், ஆனால் அதோடு பத்தும் கொடுத்தான். குஞ்சின் முதுகில் முள்முள்ளாய் இறகு குத்தி எழுந்தது. கால் ஊன்றியது. பொன்னலகியின் சிறகும் விரிந்தது.

வைகாசி முடியும் நாள். மேற்கே வானம் கன்னங்கரேலென்று கறுத்தது. உள்ளேயிருந்து டக், டக் என்று சத்தம் கேட்டது. மண்சுவர் உடைந்து விழுந்தது. பொன்னலகி வெளியே பாய்ந்தாள். பின்னாலேயே குஞ்சு வாசலில் வந்து நின்றது. கீழே பார்த்தது. தயங்கியது. பிறகு சிறகை விரித்துக் காற்றில் விழுந்தது.

விழவில்லை, பறந்தது! அந்தச் சின்னச் சிறகின் ஓசைக்குக் கீழே மேய்ந்த மான்கள் அண்ணாந்து பார்த்தன. நெடுமூக்கன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பெருமழையின் முதல் துளி அவன் அலகில் விழுந்தது.

"வேடிக்கை பார்த்தது போதும், வாங்க!" என்றாள் பொன்னலகி. "ஆனி மாசம் பழுக்கறதைப் புள்ளைக்குக் காட்ட வேணாமா?"

ஒரே மரம் வயிற்றை நிரப்பும், ஆனால் அந்தந்தக் காலத்தில் விளைவதையெல்லாம் பன்னிரண்டு மாதமும் மாற்றி மாற்றி உண்டால்தான் உடம்பு வளரும்.