ஒரே காலையில் முதிர்ந்த மது

பாய்மரக் கப்பல்களுக்குக் காற்றே எஜமானாக இருந்த முன்னொரு காலத்தில், கடலோர நாடொன்றை வச்சிரபாகு என்ற மன்னர் ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மனதில் ஓர் ஆசை முளைத்துவிட்டால், அது மறுநாளே காய்த்துப் பழுத்தாக வேண்டும் அவருக்கு.

ஒருநாள் ஸ்பெயின் தேசத்துக் கப்பலொன்று குடிதண்ணீருக்காக அவருடைய துறைமுகத்தில் ஒதுங்கியது. கப்பல் தலைவன் அலோன்சோ, இரண்டு பீப்பாய் திராட்சை மதுவைக் காணிக்கையாக அரண்மனைக்குக் கொண்டுவந்தான். அவன் பேசியதைத் துபாஷி தமிழில் சொன்னான்.

"இரண்டும் ஒரே தோட்டத்துத் திராட்சை, மகாராஜா. சின்னப் பீப்பாயில் இருப்பது போன அறுவடையில் பிழிந்தது. பெரியதில் இருப்பது ஓக் மரப் பீப்பாய்க்குள்ளேயே ஐந்து ஆண்டுகள் கிடந்தது."

மன்னர் முதலில் இளைய மதுவைச் சுவைத்தார். "கன்றுக்குட்டி போல முட்டுகிறதே!" என்று சிரித்தார். பிறகு முதிர்ந்ததை வாயருகே கொண்டுபோனார். அலோன்சோ பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தான்.

"இதற்கு அவசரம் ஆகாது. கோப்பையில் சற்றுக் காற்றுப் படட்டும். முதலில் மூக்கு, அப்புறம்தான் நாக்கு."

மன்னர் காத்திருந்தார், முகர்ந்தார், ஒரு மிடறு உறிஞ்சினார். அவருடைய புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிட்டன. அருகில் நின்ற விகடகவி பூவராகனுக்கும் ஒரு வாய் கிடைத்தது. லவங்கம், கொப்பரை, பழைய குதிரைச் சேணம்! திராட்சைக்குள் இவையெல்லாம் எப்படிப் புகுந்தன? அவன் திகைத்துப்போனான்.

"எல்லாம் மரம் கொடுத்தது" என்றான் அலோன்சோ. "காரமான மீனுக்கு இளையதைக் குளிரவைத்துக் கொடுங்கள். சுட்ட ஆட்டிறைச்சிக்குப் பெரியது." மறுநாள் காற்றுத் திரும்பியது; கப்பல் போய்விட்டது.

வச்சிரபாகுவின் மனதில் ஆசை முளைத்தது. பக்கத்து நாட்டு மன்னர் வீரகேது அதற்கு அடுத்த நாள் விருந்துக்கு வருவதாக இருந்தார். முந்தைய ஆண்டுவரை பகைவர். ஐந்து ஆண்டுகளுக்கென்று சமாதான உடன்படிக்கை செய்துகொண்ட பிறகுதான் நண்பர். 'உங்கள் நாட்டில் கள்ளைத் தவிர என்ன இருக்கிறது?' என்று கேலி பேசுகிற ஆள். அவருக்கு அந்த ஐந்து வருட மதுவை ஊற்றி வாயடைக்க வேண்டும்!

அப்போது அரண்மனைப் பண்டகசாலையான உக்கிராணத்தின் அதிகாரி குணபாலர் கைகளைப் பிசைந்துகொண்டு சபைக்குள் வந்தார். "மகாராஜா, எப்படிச் சொல்வேன்! பெரிய பீப்பாய் ஒழுகிவிட்டது. ஒரு துளி மிச்சமில்லை."

சபை அதிர்ந்தது. மன்னர் முகம் கறுத்தது. குணபாலருக்குப் பூவராகன் மேல் நெடுநாளைய புகைச்சல். மன்னர் அவனோடு சிரிக்கும்போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும். இப்போது அவன் பக்கம் திரும்பினார்.

"ஆனால் கவலை எதற்கு? தன்னால் முடியாதது எதுவும் இல்லை என்பவர்தானே நம் பூவராகர்! இளைய மதுவை நாளைக்குள் ஐந்து ஆண்டு மதுவாக்கித் தரட்டுமே."

"ஆகட்டும்!" என்றார் மன்னர், யோசிக்காமலே. "பூவராகா, நாளை விருந்துக்குள் அந்த மதுவுக்கு ஐந்து ஆண்டுகள் கூடியிருக்க வேண்டும். இல்லையென்றால் உன் தலை உன்னுடையதல்ல."

 பூவராகன் எத்தனையோ கிறுக்கு உத்தரவுகளைப் பார்த்தவன்தான். தலையைக் கேட்கிற உத்தரவு இதுவே முதல். அப்போது குணபாலர் நெருங்கி வந்து காதோடு சொன்னார்: "இப்போது சிரிக்க வையுங்கள் பார்க்கலாம்."

அந்த மூச்சில் லவங்கம் மணந்தது. கொப்பரையும்.

பூவராகன் சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். ஆனால் மூச்சை எந்தச் சபையில் சாட்சிக்கு நிறுத்துவது? அவன் மன்னரை வணங்கினான்.

"உத்தரவு, மகாராஜா. ஐந்து ஆண்டுகளைக் கூட்ட அடியேனுக்குத் தங்கள் அதிகாரம் வேண்டும். முத்திரை மோதிரத்தைத் தந்தருள வேண்டும்."

மன்னர் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பஞ்சாங்கம் என்ன சொன்னாலும், மன்னரின் உத்தரவுப்படி கோட்டை முரசு முழங்கினால்தான் புத்தாண்டு பிறந்ததாகக் கணக்கு. வயது, பதவி, உடன்படிக்கை எல்லாமே அந்த முரசை வைத்துத்தான். பொழுது விடிந்ததும் பூவராகன் கோட்டை வாசலுக்குப் போய், முரசடிக்கும் மாடனிடம் மோதிரத்தைக் காட்டினான்.

"புத்தாண்டு முரசை அடி. விட்டுவிட்டு ஐந்து முறை."

மாடனுக்குக் கையிலிருந்த குறுந்தடி நழுவியது. "சாமி, வருசத்துக்கு ஒருக்கா அடிக்கிற முரசுங்க இது! ஒரே காலையில அஞ்சு வருசமா? ஊரு என்னத்துக்கு ஆகும்?"

"ராஜ உத்தரவு, மாடா."

"ராசா சொன்னா அடிக்கத்தான வேணும்" என்று மாடன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தான்.

முதல் முழக்கத்தில் ஊர் விழித்தது. மூன்றாவதில் எல்லோரும் தெருவுக்கு வந்துவிட்டார்கள். ஐந்தாவது முழங்கியபோது மன்னர் பாதி கட்டிய தலைப்பாகையோடு சபைக்கு ஓடிவந்தார்.

"என்ன கூத்து இது?"

அவருக்குப் பதில் சொல்ல முதலில் வந்தவர் அரண்மனைக் குருக்கள். கையில் துளசி தீர்த்தம். "மகாராஜா தீர்க்காயுளோடு இருக்க வேண்டும். நேற்று நாற்பத்தைந்து, இன்றைக்கு ஐம்பது நிறைந்துவிட்டது. ஐம்பதானதும் மாமிசமும் மதுவும் தொடுவதில்லை என்று குலதெய்வத்தின் முன் சத்தியம் செய்தீர்கள். இனி மோர்தான்."

"மோரா!" மன்னர் சிம்மாசனத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அடுத்து எல்லைக் காவலன் மூச்சிரைக்க வந்தான். "மகாராஜா! வீரகேது ராஜா ஆத்தங்கரையிலயே யானைய நிறுத்திட்டாருங்க. அஞ்சு வருச உடன்படிக்கை முடிஞ்சுபோச்சாமே, விருந்துக்கு வரவா, சண்டைக்கு வரவான்னு கேக்கறாரு. படையக் கூப்பிட ஆள் அனுப்பிட்டாரு!"

   வீரகேது இத்தனை விரைவாகப் படைக்கு ஆளனுப்புவார் என்று பூவராகனே நினைக்கவில்லை. இதற்குள் குணபாலர் அலறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார்.

"அக்கிரமம், மகாராஜா! என் சாவியைப் பிடுங்கிவிட்டார்கள்!"

"பிடுங்கவில்லை" என்றான் பூவராகன் பணிவாக. "உக்கிராண அதிகாரிக்குப் பதவிக்காலம் ஐந்து ஆண்டு. இவர் போன அறுப்புக்குப் பதவியேற்றார். முரசின் கணக்கில் இன்று காலம் முடிந்தது. அடுத்தவர் பொறுப்பேற்க, காவலர்கள் உக்கிராணத்தைத் திறந்து சரிபார்க்கிறார்கள்."

குணபாலரின் முகம் வெளிறிப்போயிற்று. அந்தக் கணமே வாசலில் கடகடவென்று ஓசை. நான்கு காவலர்கள் ஒரு பெரிய பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அசையும்போதெல்லாம் உள்ளே மது தளும்பியது.

"உமி மூட்டைக்கு அடியில புதைச்சு வெச்சிருந்தாங்க, மகாராஜா. கொஞ்சந்தான் கொறஞ்சிருக்கு."

 மன்னர் பீப்பாயைப் பார்த்தார், குணபாலரைப் பார்த்தார், மறுபடி பீப்பாயைப் பார்த்தார். குணபாலர் அப்படியே தரையில் விழுந்தார்.

"உனக்கு எப்படித் தெரிந்தது?" என்று பூவராகனிடம் கேட்டார் மன்னர்.

"நேற்று என் காதில் பேசினார், மகாராஜா. முதலில் மூக்கு என்று அந்தக் கப்பல்காரர் சொல்லிக் கொடுத்திருந்தாரே. தங்கள் உத்தரவையும் நிறைவேற்றிவிட்டேன். அதோ, சின்னப் பீப்பாய் மதுவுக்கும் ஐந்து ஆண்டுகள் கூடிவிட்டன."

"போதும், அப்பனே! அந்த ஐந்து ஆண்டுகளையும் உடனே திருப்பி எடு!"

"எடுத்தால் மது மறுபடி இளையதாகிவிடும். அடியேனின் தலை?"

"உன் தலை உன்னுடையது! எனக்கு மோர் வேண்டாம், போர் வேண்டாம். முதலில் அந்த மோதிரத்தைக் கொடு!"

மாடன் முரசைக் கவிழ்த்துப் போட்டு, மறுபக்கத்தில் ஐந்து முறை அடித்தான். கூடிய ஆண்டுகள் கணக்கிலிருந்து கழிந்தன. அந்தச் செய்தியோடு ஒரு குதிரைவீரன் ஆற்றங்கரைக்குப் பறந்தான். வீரகேது, நண்பரா பகைவரா என்று தெரியாத குழப்பத்தோடே, வாள்மேல் கைவைத்தபடி வந்து விருந்தில் அமர்ந்தார்.

குணபாலருக்குச் சாவி திரும்பிக் கிடைக்கவில்லை; பரிமாறும் பொறுப்பைப் பூவராகனே எடுத்துக்கொண்டான். ஈர மணலில் புதைத்துக் குளிரவைத்த இளைய மதுவை மிளகு நண்டோடு கொடுத்தான். வீரகேதுவின் கை வாளைவிட்டு நண்டுக்குப் போனது. பிறகு சுட்ட ஆட்டுத் தொடை வந்தது. முன்பே திறந்து காற்றுப்பட வைத்த முதிர்ந்த மது வந்தது. வீரகேது முகர்ந்தார், பருகினார். காலிக் கோப்பையை மறுபடி நீட்டினார்.

"வச்சிரபாகு, இது உங்கள் நாட்டுக் கள்ளா?" என்றார் கடைசியில், நம்ப முடியாத குரலில்.

வச்சிரபாகுவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுந்துபோய்த் தன் பொற்கோப்பையில் தானே மதுவை ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திப் பூவராகனிடம் நீட்டினார். மன்னர் கையால் விகடகவிக்கு மதுவா! சபையோர் வாய்பிளந்து எழுந்து நின்றார்கள்.

பூவராகன் முகர்ந்தான். ஒரு மிடறு பருகினான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், சொல் வரவில்லை. மறுபடி திறந்தான், அப்போதும் வரவில்லை. கண்ணில் மட்டும் நீர் தளும்பியது.

"பாருங்கள், பாருங்கள்! பூவராகனுக்குப் பேச்சு வரவில்லை!" என்று கத்திய மன்னர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிசிரியென்று சிரித்தார். சிரித்துக்கொண்டே தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.