அரச வண்டியின் மணிகள்

அன்று கழகத்தில் மூவர் இருந்தனர். ஆசிரியை மாசாத்தி. அவரினும் வயதில் மூத்த மாணவர் கண்ணந்தை. அரசரின் கலைத்துறை அமைச்சர் பெருந்தேவன்.

நாட்டில் எந்தெந்தக் கலைகள் உயிரோடு இருக்கின்றன என்று ஆராய்ந்துவரக் கண்ணந்தையை அனுப்பியவர் அமைச்சர். அரச வண்டியையும் அவரே கொடுத்தார். ஊர் ஊராகச் சென்று திரும்பிய கண்ணந்தை, மக்கள் போற்றும் கலை வரவேற்பு முரசு ஒன்றே என்று எழுதியிருந்தார். ஆசிரியை ஒப்பமிட்டால் மறுநாளே ஆணை பிறக்கும். முரசு கொட்டுவோர் தவிர மற்றக் கலைஞர்களின் மானிய நிலங்கள் அரசுக்குத் திரும்பும். கண்ணந்தைக்கு அவையில் ஓர் இருக்கை கிடைக்கும்.

ஆசிரியை ஓலைகளைப் படித்து முடித்தார்.

"ஒப்பாரி பாடுவோர் ஒருவர்கூட இல்லையா?"

"நான் போன எந்த ஊரிலும் கேட்கவில்லை, அம்மா" என்றார் கண்ணந்தை.

"அந்த ஊர்களில் யாரும் சாகவில்லையா?"

கண்ணந்தை தயங்கினார். "ஓர் ஊரில் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வண்டி மணி கேட்டதும் அதைக் கொல்லைப்புறத்தில் மறைத்துவிட்டு முரசோடு எதிரே வந்தார்கள்."

"இழவு வீட்டிலும் அரசர்மேல் எவ்வளவு மரியாதை, பாருங்கள்" என்றார் அமைச்சர்.

ஆசிரியை அவர் பக்கம் திரும்பவில்லை. "இதை ஏன் எழுதவில்லை, கண்ணந்தை?"

"அவர்கள் போட்ட மாலை என் கழுத்தில் இருந்தது."

"மணிகளைக் கழற்றிவிட்டு மறுபடியும் போய்வாருங்கள்."

அமைச்சர் சிரித்தார். "மணி இல்லாவிட்டால் அது வெறும் மாட்டுவண்டி, அம்மா. மாட்டுவண்டியில் போனவர் எழுதியதை அரசர் தொடமாட்டார். இந்தக் கழகத்து ஓலைகளில் கரையான் மட்டுமே படித்தவை எத்தனை?"

"நிறைய" என்றார் ஆசிரியை.

கண்ணந்தை இருவரையும் பார்த்தார். பிறகு ஆசிரியையிடம் கேட்டார். "அரசர் படிக்காத ஆராய்ச்சியால் ஒப்பாரி பாடுகிறவர்களுக்கு என்ன பயன்?"

ஆசிரியை ஓலைக்கட்டை அவர் முன்னே நகர்த்தினார்.

"அரசர் இதைப் படித்துவிட்டால், நாளைக்கு அவர்கள் எங்கே இருப்பார்கள்?"

கண்ணந்தை எழுந்தார். ஓலைக்கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனார். வாசலில் மாடுகளின் கழுத்திலிருந்து மணிகளை அவிழ்க்கும் ஓசை கேட்டது.