ஒருமனதாகச் சர்க்கரை இல்லை

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில், மந்திரிசபைக் கூட்டத்தில் காபி கொடுக்கும் தில்லைவடிவு வாயே திறப்பதில்லை. எந்த மந்திரியையும் நீக்கும் அதிகாரம் பிரதமருக்கு இருந்ததால், மந்திரிகளும் அவர் சொல்வதையே சொல்வார்கள்.

அன்று பிரதமர் ஒரு வாய் குடித்துவிட்டு, “சர்க்கரையே இல்லை!” என்று சீறினார்.

“துளிகூட இல்லைங்க ஐயா!” என்றார்கள் அத்தனை மந்திரிகளும்.

“கேட்டாயா? மந்திரிசபையே ஒருமனதாகச் சொல்கிறது. பொய்யென்று காட்டு, இல்லையென்றால் வேலை போச்சு.”

தில்லைவடிவு கையைப் பிசைந்தாள். “அவங்க சொன்னதைப் பொய்யென்று சொல்ல நான் யாருங்க ஐயா? டாக்டர் சொன்னதால உங்களுக்கு மட்டும்தான் சர்க்கரை போடலை. அவங்க காபியைக் குடிச்சுப் பாருங்க.”

நிதிமந்திரியின் காபி பாகாக இனித்தது.

“அப்படியானால், நேற்று என் வரித்திட்டத்தைப் பிரமாதம் என்றீர்களே?” என்றார் பிரதமர்.

அவள் வேலை தப்பியது. ஆனாலும் மந்திரிகள் முறைத்த முறைப்பில் நடுங்கிப்போன தில்லைவடிவு, மறுநாளிலிருந்து யார் காபியிலும் சர்க்கரை போடவில்லை.