காருக்கு முகம் வந்த கதை

அந்தக் காலத்தில், குதிரைகள் மனிதரோடு நின்று பேசிக்கொண்டிருந்த நாளில், அமெரிக்காவில் ஓர் ஏரிக்கரை ஊரில் கஸ்தாவ் என்றொருவர் குதிரைவண்டி செய்து விற்றுவந்தார். பட்டறையில் நாற்பது பேருக்கு வேலை. ஆனால் வியாபாரம் படுத்துவிட்டது. பெரிய நகரத்து வண்டிகள் மலிவாக வந்து இறங்க, கஸ்தாவின் வண்டியைச் சீந்த ஆளில்லை. மனிதர் லேசுப்பட்டவரா? ஒரு வண்டியின் ஆசனத்துக்கு அடியில் இன்ஜினைப் பொருத்தி, குதிரையே இல்லாமல் ஓடும்படி செய்துவிட்டார். இது விலைபோனால்தான் நாற்பது வீட்டிலும் அடுப்பு எரியும்.

ஓடத்தான் ஓடியது. ஆனால் கடைத்தெருவில் எதிரே வந்த குதிரைகள் அதைப் பார்த்ததும் மிரண்டு, நாலாபக்கமும் பிய்த்துக்கொண்டு ஓடின. பால்வண்டி குடைசாய்ந்து தெருவெல்லாம் பால். ஊர்ச்சபை கூடியது. சந்தை நாளன்று இன்னொரு முறை ஓட்டிக்காட்டலாம், ஒரே ஒரு குதிரை மிரண்டு ஓடினாலும் அந்த வண்டி இந்த ஊரில் ஓடக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

சத்தம்தான் காரணம் என்று கஸ்தாவ் இன்ஜினைக் கம்பளியால் சுற்றினார். கம்பளி கருகியதுதான் மிச்சம். பிறகு யோசித்து யோசித்து ஒரு காரியம் செய்தார் பாருங்கள், தலையில் அடித்துக்கொள்ளலாம். மரத்தில் ஒரு குதிரைத் தலையைச் செதுக்கி, வண்டியின் முன்னால் ஆணியடித்துவிட்டார். பார்க்கிற குதிரைகள் அதையும் ஒரு குதிரை என்று நினைத்துக்கொள்ளுமாம்! ஊர்க் குதிரைகள் அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தீனியைத் தொடவில்லை.

சந்தைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கஸ்தாவ் லாயத்தில் போய்த் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அங்கே அவருடைய சொந்தக் குதிரை மேபல் நின்றிருந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பட்டறைக்கு இரும்பும் மரமும் இழுத்த குதிரை, கொஞ்சம் வாய்த்துடுக்கு.

“வெட்டின தலையை வண்டியில கட்டிக்கிட்டு வந்தா எந்தக் குதிரை நிக்கும், முதலாளி? சத்தத்துக்கு நாங்க பயப்படலை. எதிரே யார் வந்தாலும் முதல்ல முகம் பார்ப்போம். கண்ணு எங்கே பார்க்குது, மூச்சு சூடா வருதான்னு பார்ப்போம். உங்க வண்டிக்கு முன்னால ஒண்ணுமே இல்லையே. நான் நின்ன இடம் காலியாக் கிடக்குது.”

கஸ்தாவுக்குச் சுருக்கென்றது. இந்த வண்டி ஓட ஆரம்பித்தால் உன் வேலை போய்விடுமே, எனக்கு ஏன் வழி சொல்கிறாய் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“வேலையா போகும்? சுமைதானே போகும். என் தோளைத் தொட்டுப் பாருங்க.”

தொட்டார். சேணம் தேய்த்த இடத்தில் ரோமமே இல்லை. இத்தனை வருஷம் அதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

நாற்பது பேரும் கூடி, இன்ஜினை ஆசனத்துக்கு அடியிலிருந்து பெயர்த்து, குதிரை நிற்கும் இடத்தில் வைத்துத் தகரத்தால் மூடினார்கள். இரு பக்கமும் இரண்டு விளக்கு. நடுவில், இன்ஜின் சூடு வெளியே வரும்படி ஒரு கம்பிவலை.

சந்தை நாள் வந்தது. தெருவின் இருபுறமும் குதிரைவண்டிகள். கஸ்தாவ் ஓட்டிவந்த கார் தெருவுக்குள் திரும்பியதுமே குதிரைகள் காதை விறைத்துக்கொண்டன. ஒன்று முன்னங்காலைத் தூக்கிவிட்டது. எல்லாம் போச்சு என்று கஸ்தாவ் நினைத்த நேரம், மேபல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெருநடுவில் வந்து நின்றது. அவர் பிரேக்கை மிதித்தார். மரக்கட்டை பிரேக், பிடிக்குமா பிடிக்காதா என்று அவருக்கே தெரியாது. மேபல் நகரவில்லை. அதன் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் கார் நின்றது.

மேபல் இரண்டு விளக்கையும் மாறி மாறிப் பார்த்தது. கம்பிவலைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனது. சூடாக மூச்சு வந்தது.

“நம்ம ஆள்தான், வழி விடுங்க” என்று மற்றக் குதிரைகளிடம் திரும்பிச் சொன்னது.

தூக்கிய கால் இறங்கியது. கார் தெருவின் அந்தக் கோடி வரை போயிற்று. ஒரு குதிரையும் ஓடவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் ஏழு பேர் கார் வேண்டுமென்று வந்துவிட்டார்கள். கஸ்தாவ் முதல் வேலையாக மேபலின் சேணத்தைக் கழற்றிச் சுவரில் மாட்டினார். பிறகு அதை எடுக்கவே இல்லை.

அன்று முதல்தான் கார்களுக்குக் கண்ணும் மூக்குமாக ஒரு முகம் வந்தது. இப்போது பேட்டரியில் ஓடும் கார்கள் வந்துவிட்டன. பல கார்களில் முன்பக்கத்தைத் திறந்தால் இன்ஜின் இல்லை, காலி இடம்தான். ஆனாலும் முகம் வைக்காமல் ஒருவரும் கார் செய்வதில்லை. அது மேபல் நின்ற இடம்.