முதுகுக்குப் பின்னால் இரண்டு விரல்

“கபிலன் என்னை விக்கிறான், கோச்.”

வில்பிரட் சொன்னதைக் கேட்டு மெஹருன்னிசா நிமிரவில்லை. ராக்கெட் பிடியில் புதுநாடா சுற்றிக்கொண்டிருந்தாள். வயதில் அவனைவிட இளையவள். முட்டி போனதால் ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளர் ஆனவள்.

“யார்கிட்ட?”

“எதிராளிங்ககிட்ட. என் சர்வ் எங்க வருதுன்னு எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியுது.”

இரட்டையர் ஆட்டத்தில் வலையோரம் நிற்பவன் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவான். ஒரு விரல் என்றால் சர்வ் நடுவில். இரண்டு என்றால் ஓரத்தில். நடுவில் போனால் அவன் குறுக்கே ஓடி மறிப்பான். ஓரத்தில் போனால் ஓரத்தை அடைத்து நிற்பான். வில்பிரட்டுக்கு அந்த விரல் காட்டுபவன் கபிலன். டென்னிஸில் பெயர் எடுத்ததெல்லாம் இருவரும் சேர்ந்துதான்.

சந்தேகம் பிடித்தவனுக்குக் கூட்டாளி தும்மினாலும் சைகைதான். கபிலன் எதிரணிக்காரனோடு சிரித்துப் பேசினான். போன் வந்தால் எழுந்து வெளியே போனான். போதாதா?

“ஆதாரம் இருக்கா?” என்றாள் மெஹருன்னிசா.

“இருக்கு. இந்த சீசன் பூரா அவன் காட்டுறதுக்கு நேர் எதிரா போடுறேன். அவனுக்குத் தெரியாது. அதுக்கப்புறம்தான் ஜெயிக்கவே ஆரம்பிச்சோம். ஃபைனல் வரைக்கும் வந்துட்டோம். இதுக்கு மேல என்ன வேணும்?”

“ஃபைனல் முடிஞ்சதும்?”

“வேற ஜோடி பாத்துக்கிறேன். இன்னிக்கே சொல்லிடப்போறேன்.”

அவள் எழுந்தாள். மைதானத்தின் மறுகோடியில் ஓடிக்கொண்டிருந்த கபிலனைக் கைதட்டிக் கூப்பிட்டாள். வில்பிரட்டிடம் குரலைத் தாழ்த்தினாள்.

“முதல் பந்தை அவர் காட்டுற இடத்துலயே போடுங்க.”

இவளும் அவனோடு சேர்ந்துவிட்டாளோ என்று வில்பிரட்டுக்கு உறுத்தியது. ஆனாலும் போனான்.

கபிலன் வலையோரம் குனிந்து நின்றான். ஒரு விரல்.

வில்பிரட் நடுவில் போட்டான். கபிலன் ஓரத்துக்கு நகர்ந்தான். எதிரே நின்ற மெஹருன்னிசா திருப்பி அடித்த பந்து ஆளில்லாத நடுப்பகுதி வழியாகப் பறந்தது.

வில்பிரட் ஓடிப்போய் அவள் காதருகே சீறினான். “பாத்தீங்களா! நடுவுன்னு காட்டிட்டு ஓரத்துக்குப் போறான். துரோகி!”

“இப்ப மேட்ச்ல போடுற மாதிரி போடுங்க.”

இரண்டு விரல்.

வில்பிரட் எதிராக, நடுவில் போட்டான். பந்து ராக்கெட்டை விட்டுக் கிளம்பும்போதே கபிலன் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தான். மெஹருன்னிசா அடித்ததை வலையிலேயே மறித்துக் கீழே அறைந்தான்.

அவள் ராக்கெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

“ஓரம்னு காட்டினவர் ஏன் நடுவுக்கு ஓடினார், வில்பிரட்?”

வில்பிரட் வலைப்பக்கம் நடந்தான். அவமானத்தில் காது சுட்டது.

“உனக்குத் தெரியுமாடா?”

“நீ மாத்திப் போட்ட முதல் மேட்ச்லயே தெரிஞ்சுது. அன்னையிலேருந்து நானும் மாத்திக் காட்டுறேன்.”

“ஏன்டா என்கிட்ட கேக்கல?”

கபிலன் நெற்றி வியர்வையைத் துடைத்தான்.

“கேட்டிருந்தா, நான் சொல்றதை நம்பியிருப்பியா?”