காதருகே ஒரு கேள்வி

அந்தக் காலத்தில் பல்லியும் எருமையும் மனிதரோடு நியாயம் பேசிக்கொண்டிருந்தன. கொசு என்று ஒன்று மட்டும் உலகத்தில் இல்லை. காட்டேரிகள் இருந்தன. அவற்றுக்குள்ளும் பெரிய இடம், சின்ன இடம் உண்டு. சின்ன இடத்துக் காட்டேரிகள் கண்ட கழுத்திலும் வாய் வைக்கும். ஆனால் அரச குலத்தில் பிறந்தவள் சம்மதம் கேட்காமல் யாரையும் தொடக்கூடாது. ஒருவனிடம் கேட்டுவிட்டால், அவன் பதில் சொல்லும்வரை வேறு எங்கும் பசியாறவும் கூடாது. அவன் மனமுவந்து கொடுக்கிற ஒரு துளி இரத்தம்தான் அவளுக்குத் தாலி.

அப்படிப்பட்ட குலத்து இளவரசி செவ்வல்லி, போயும் போயும் காத்தமுத்துவிடம் மனதைப் பறிகொடுத்தாள். அவன் ஏரி மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவன். எந்த வயலுக்கு முதல் தண்ணீர் என்று ஊருக்கே முடிவு சொல்வான். தன் காரியம் என்றால் மட்டும், வேட்டி காய்ந்ததா என்பதற்குக்கூட அண்டை வீட்டாரைக் கேட்பான்.

ஒருநாள் அந்தி சாயும் நேரம் அவள் மடைக்கல்லில் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா? ஒரு துளி போதும். வலிக்காது."

காத்தமுத்து தலையை ஆட்டினான். நம் ஊர்த் தலையாட்டல். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

"வாயைத் திறந்து சொல்லுங்க."

"நாளைக்குச் சொல்றேன்" என்றான்.

அவளைப் பார்த்தால் பயம். பார்க்காவிட்டால் சோறு இறங்கவில்லை. இது என்ன கூத்து என்று அவனுக்கே விளங்கவில்லை. வீட்டுச் சுவரில் இருந்த பல்லியிடம் சகுனம் கேட்டான்.

"கழுத்து உன்னுது. என்னை ஏன்யா கேக்கிறே?" என்றது பல்லி.

எருமையிடம் போனான்.

"அவளைப் பிடிச்சிருக்கா?" என்றது எருமை.

"தெரியலையே."

"அப்போ வேண்டாம்னு சொல்லிடு."

"அதுக்கும் மனசு வரலையே."

எருமை பெருமூச்சு விட்டுத் தண்ணீரில் படுத்துக்கொண்டது.

நாளை நாளை என்றே நாள் போனது. பசியில் செவ்வல்லி சிறுத்துக்கொண்டே வந்தாள். அவன் தோளுயரம் இருந்தவள் இடுப்பளவானாள். பிறகு கைக்குழந்தை அளவு. பிறகு ஒரு தும்பியைப் போல மடைக்கல்லில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் இப்படி ஆயிட்டே?" என்று பதறினான்.

"பதில் வரலையே."

"வேற யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"கேட்டது உங்ககிட்டதானே."

காத்தமுத்து அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அந்தப் புண்ணியவானோ, இது இரக்கமா ஆசையா என்று யோசித்துப் பார்க்க வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் அந்தியில் வந்தபோது கல்லில் யாரும் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்த பிறகுதான் அவனுக்குப் புத்தி தெளிந்தது. இரக்கம் இல்லை, ஆசைதான். ஏரிக்கரை முழுக்க ஓடி ஓடிக் கத்தினான்.

"செவ்வல்லி, எனக்குச் சம்மதம். எங்கே இருக்கே?"

அவள் எங்கும் போகவில்லை. எள்ளளவாகி, அவன் காதருகே பறந்தபடி அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது ஏதோ ரீங்காரமாகத்தான் கேட்டது. தேடுகிற அவசரத்தில் இதென்ன தொல்லை என்று காதோடு சேர்த்து ஓர் அறை விட்டான்.

அறை தப்பியது. செவ்வல்லி காற்றில் தடுமாறினாள். வாய் வா என்கிறது, கை போ என்கிறது. எதை நம்புவது? வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, கடைசியில் வாய்ச்சொல்லையே நம்பி அவன் கழுத்தில் ஒரு துளி எடுத்துக்கொண்டாள். சிறுத்த உடம்பு அதற்குமேல் வளரவில்லை. ஆனாலும் கல்யாணம் முடிந்துவிட்டது, மாப்பிள்ளைக்குத்தான் தெரியாது. அவன் அந்த இடத்தைச் சொறிந்துகொண்டே, "செவ்வல்லி, செவ்வல்லி" என்று இருட்டும்வரை கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்று முதல்தான், அவள் வழிவந்த பெண்கொசுக்கள் அந்தி சாய்ந்ததும் நம் காதருகே வந்து கேட்டுவிட்டுக் கடிக்கின்றன. நாமும் கேட்பது யார் என்று தெரியாமலே நம் கன்னத்தில் அறைந்துகொள்கிறோம்.