நடத்தியது யார்?

கோவையில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் பூரணி இளநிலைப் பொறியாளர். திட்ட மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மூன்று ஆண்டுகளில் மூன்று கட்டட வேலைகளை அவளே முன்னின்று நடத்தினாள் என்று மேலாளர் தெய்வநாயகம் கையெழுத்துப் போட வேண்டும்.

“இங்க எல்லா வேலையையும் நடத்துனது நான்தாம்மா. நீ கூட இருந்த, அவ்வளவுதான்,” என்றார் அவர்.

“சரிங்க சார். மூணு கட்டடமும் ஏன் தாமதமாச்சுன்னு தலைமை அலுவலகத்துல கேட்டிருக்காங்க. நடத்துனவர்னு உங்க பேரையே எழுதிடறேனுங்க.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதையெல்லாம் நீதானேம்மா நடத்துன?”

பூரணி விண்ணப்பத்தை நீட்டினாள். அவர் உடனே கையெழுத்துப் போட்டார்.

அதை அனுப்பிய கையோடு அவள் தலைமை அலுவலகத்துக்குப் பதில் எழுதினாள்: ‘வேலைகளை நடத்தியது நான்தான். வரைபடங்கள் ஒப்புதலுக்காக மேலாளர் மேஜையில் ஏழு மாதம் கிடந்தன.’